கேர் ஹோம் வேலை: பர்சன் சென்டர்ட் கேர் பற்றிக் கேள்வி பதில்

இங்கிலாந்தில் கேர் ஹோமிலும், வீடு வீடாகப் போகும் டொமிசிலியரி கேரிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெற்றோரை ஹோமில் சேர்த்திருக்கும் குடும்பத்தாரும் கேட்டிருக்கிறார்கள். பர்சன் சென்டர்ட் கேர் என்றால், பராமரிக்கப்படுகிறவரின் விருப்பத்தையும் தேவையையும் மையமாக வைத்துப் பார்த்துக்கொள்வது. சட்டம் வரும் இடங்களில் இங்கிலாந்தின் நிலையைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு, முடிவெடுக்கும் திறன் இல்லாத பெரியவர்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டின் சட்டம் தனியாக இருக்கிறது.

கேள்வி: அடுத்த வாரம் கேரர் இன்டர்வியூ. பர்சன் சென்டர்ட் வேல்யூஸ் எட்டையும் மனப்பாடம் பண்ணிட்டேன். அது போதுமா?

போதாது. தனித்தன்மை, உரிமை, தேர்வு, அந்தரங்கம், முடிந்ததைத் தானே செய்துகொள்வது, கண்ணியம், மரியாதை, கூடிச் செயல்படுவது என்று வரிசையாக எல்லோரும் ஒப்பிப்பார்கள். புதிதாக வரும் கேரர்களுக்கான கேர் சர்டிஃபிகேட் பயிற்சியில் 5-ஆவது தரம் இதைப் பற்றியது. பராமரிப்புச் சேவைகளுக்கான 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளில் 9-ஆவது விதியும் இதுதான், அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பான சிக்யூசி ஆய்வுக்கு வரும்போது இதை வைத்துத்தான் பார்க்கும். ஆனால் இன்டர்வியூ எடுக்கிற மேனேஜருக்குத் தெரிய வேண்டியது, காலை ஏழரை மணிக்கு ஒருவர் அறைக்குள் போனதும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது. அதை இப்படிச் சொல்லுங்கள்.

கதவைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை நிற்பேன். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்வேன். இப்போதே எழுந்திருக்கிறாரா, இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கிறாரா என்று கேட்பேன். திரைச்சீலையை இழுத்து மூடிய பிறகே உடை மாற்றுவேன். டிமென்ஷியா உள்ளவரிடம் அலமாரியைத் திறந்து "எது வேணும்" என்றால் திணறிப்போவார், அதனால் இரண்டு சட்டையை மட்டும் கையில் பிடித்துக் காட்டுவேன். ஸ்ட்ரோக் வந்தவருக்குப் போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைப்பேன், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பேன். கீழ்ப் பொத்தான்களை அவரே போட முடியும் என்றால் போட விட்டுக் காத்திருப்பேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதில் எது தேர்வு, எது அந்தரங்கம், எது கண்ணியம் என்று நீங்களே சுட்டிக்காட்டினால் போதும்.

கேள்வி: டிமென்ஷியா உள்ள ஒரு அம்மா. காலையில் கழுவிவிடப் போனாலே கத்துறாங்க, அடிக்கிறாங்க. ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் "அக்ரஸிவ்" என்று சொல்லி விட்டுடறாங்க. ரெண்டு பேர் சேர்ந்து சீக்கிரம் முடிச்சுடுங்கன்னு சீனியர் சொல்றாங்க. என்ன செய்யலாம் அக்கா?

இருவர் சேர்ந்து பிடித்துக் கழுவுவது சட்டப்படி ரெஸ்ட்ரெய்ன்ட், அதாவது ஒருவரை வலுக்கட்டாயமாகக் கட்டுப்படுத்துவது. அது அவசியமா, ஆபத்துக்கு ஏற்ற அளவா என்று பார்த்து, கேர் பிளானில் எழுதி ஒப்புக்கொள்ளப்படாமல் அதைச் செய்யக் கூடாது. அதோடு, இன்று பிடித்தால் நாளை உங்களைப் பார்த்ததுமே பயந்துவிடுவார்.

அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருத்தி போர்வையை இழுக்கிறாள், நைட்டியைத் தூக்குகிறாள், குளிர்ந்த கை மேலே படுகிறது. யாராக இருந்தாலும் கையை ஓங்கத்தான் செய்வார்கள்.

அறையை முதலில் சூடாக்குங்கள். தேவையான சாமான் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். பாதியில் டவல் தேடி ஓடினால் அவர் நனைந்த உடம்போடு கிடப்பார். கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒருவர் மட்டும் பேசுங்கள். வெதுவெதுப்பான ஃப்ளானலை (முகம் துடைக்கும் சின்னத் துணி) அவர் கையிலேயே கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொல்லுங்கள், அதிலேயே பாதிப் பயம் போய்விடும். பெரிய டவலால் உடம்பை மூடிவைத்து, ஒரு கை, பிறகு மறு கை என்று கழுவும் பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, உடனே மூடுங்கள். கீழ்ப்பகுதிக்குப் போகும்முன் தண்ணீரையும் ஃப்ளானலையும் மாற்றி, முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். தொட்டியில் குளிப்பாட்டினால் தண்ணீர் 44 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, தெர்மாமீட்டரில் பாருங்கள். ஷவரைத் தலையில் நேராகத் திருப்பாதீர்கள். காலிலிருந்து தொடங்குங்கள்.

வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். இருபது நிமிடம் கழித்து நீங்களோ வேறொருவரோ போகலாம். சிலருக்குக் காலையே ஒத்துவராது, வாழ்நாளெல்லாம் இரவில் குளித்தவராக இருப்பார். மகளைக் கேட்டால் தெரிந்துவிடும்.

வலியை மறக்காதீர்கள், இந்தக் கேள்வியில் மிக முக்கியமானது இதுதான். தோள் மூட்டு வலிப்பவரின் கையைத் தூக்கினால் அடிப்பார். "வலிக்குது" என்று சொல்ல முடியாதவர்களுக்கு ஆபி பெய்ன் ஸ்கேல் என்ற வலி அளவுகோல் இருக்கிறது. முனகல், முகச்சுளிப்பு, உடம்பை இறுக்கிக்கொள்வது, நடத்தை மாற்றம், வியர்வை அல்லது நாடித்துடிப்பு, புண் போன்ற உடல் மாற்றம் என்ற ஆறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 7 வரை லேசான வலி, 8 முதல் 13 வரை நடுத்தரம், 14-உம் அதற்கு மேலும் கடும் வலி. கழுவும்போதே கணக்கெடுத்து நர்ஸிடமோ குடும்ப மருத்துவரான ஜிபியிடமோ கொடுங்கள். வலி மாத்திரை நேரத்தைக் கழுவுவதற்கு முன்னால் மாற்ற முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

இந்தக் கத்தல் ஓரிரு நாளில் திடீரென்று வந்ததென்றால் அது டெலிரியமாக (திடீர் மனக்குழப்பம்) இருக்கலாம். தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், புது மருந்து எதுவும் காரணமாகலாம். அன்றைக்கே மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: எங்க பாட்டி வயசு ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூசுது. மத்த ஸ்டாஃப் எல்லாம் "டார்லிங்", "ஸ்வீட்டி"ன்னு கூப்பிடறாங்க. நான் "கிரானி"ன்னு கூப்பிடலாமா?

வேண்டாம். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதல் நாளே கேட்டு, சொன்ன பெயரைக் கேர் பிளானில் எழுதுங்கள். ஒருவர் மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லச் சொல்வார், இன்னொருவர் செல்லப் பெயரைச் சொல்வார், பதிவில் இருக்கும் முதல் பெயரை எண்பது வருடமாகப் பயன்படுத்தாதவரும் இருப்பார். நம் கூச்சம் நல்ல வளர்ப்பில் வந்தது. ஆனாலும் இங்கே பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கேள்வி: சர்க்கரை உள்ள ஒரு ரெசிடென்ட் தினமும் டீயோடு கேக் கேட்கிறார். மகள் "நான் நெக்ஸ்ட் ஆஃப் கின், கொடுக்கவே கூடாது" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருந்தால், அவர் பேச்சை. முடிவெடுக்கும் திறன் பற்றிய மென்டல் கெப்பாசிட்டி சட்டம் 2005 முதலில் சொல்வதே, திறன் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்பதுதான். புத்திசாலித்தனமில்லாத முடிவு என்று நமக்குத் தோன்றுவதாலேயே திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

திறனை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வீட்டை விற்பது பற்றி முடிவெடுக்க முடியாதவர் கேக் பற்றி முடிவெடுக்கலாம். கேக்கும் சர்க்கரையும் பற்றிச் சொன்னது புரிகிறதா, முடிவெடுக்கும்வரை நினைவில் நிற்கிறதா, சீர்தூக்கிப் பார்க்கிறாரா, ஏதாவது ஒரு வழியில் பதிலைத் தெரிவிக்கிறாரா என்று நான்கையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் கேட்கும் கருவியும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கருவியில் பேட்டரி தீர்ந்திருந்ததால் "திறன் இல்லை" என்று எழுதப்பட்டவர்களும் உண்டு.

நெக்ஸ்ட் ஆஃப் கின், அதாவது நெருங்கிய உறவு என்பதால் மட்டும் மகளுக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் வந்துவிடாது. தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரமான லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி இரண்டு வகை. ஒன்று பணம், சொத்துக்கு. மற்றது உடல்நலம், பராமரிப்புக்கு. உணவு விஷயத்தில் இரண்டாவது வேண்டும், அதுவும் அவர் திறன் இழந்த பிறகே செல்லும். மகள் காட்டுவது பணத்துக்கான பத்திரமா என்று மேனேஜர் பார்க்க வேண்டும்.

அதற்காக மகளிடம் சட்டம் பேசி மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் பயப்படுகிறார். உடல் தளர்ந்த முதியவருக்குச் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைப்பதிலும் ஆபத்து உண்டு, அளவு தாழ்ந்து மயங்கி விழலாம். அவருக்கு எந்த அளவு சரி என்று ஜிபியோ டயாபட்டிஸ் நர்ஸோ மகளிடம் விளக்கட்டும். சின்னத் துண்டு, சாப்பாட்டோடு சேர்த்து, அவர் சம்மதத்தோடு என்ற ஏற்பாடு பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். திறன் இல்லையென்று முறையாக முடிவானாலும், நன்மை கருதி எடுக்கும் முடிவில் அவருடைய கேக் ஆசைக்கும் இடம் உண்டு.

கேள்வி: எங்கட அம்மம்மா லண்டன் ஹோமில இருக்கிறா. டிமென்ஷியா வந்தபிறகு இங்கிலீஷ் மறந்திட்டா. சோறு கறிதான் கேக்கிறா. ஸ்பீச் தெரபிஸ்ட் லெவல் 5 சாப்பாடு எண்டு சொல்லியிருக்கினம். ஹோமுக்கு நாங்கள் என்ன சொல்லோணும்?

பிறகு கற்ற மொழி முதலில் போய், தாய்மொழி தங்குவது டிமென்ஷியாவில் அடிக்கடி நடப்பதுதான், பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். அம்மம்மா நாள்தோறும் சொல்லும் பத்துப் பதினைந்து சொற்களை, நோகுது, தண்ணி, குளிருது, கழிப்பறைக்குப் போக அவ எந்தச் சொல்லைச் சொல்லுவாவோ அதையும் சேர்த்து, ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் குரலில் பதிந்தும் கொடுக்கலாம். திறன் மதிப்பீடு, வைத்தியரின் முக்கியப் பேச்சு இவற்றுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அங்கே குடும்பத்தார் மொழிபெயர்த்தால் உங்கள் விருப்பமும் கலந்துவிடும்.

லெவல் 5 என்றால் துண்டுகள் 4 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. சாதாரண முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அளவு. முள்கரண்டியால் லேசாக அழுத்தினால் மசிய வேண்டும், ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தனியாகப் பிரிந்து ஓடக் கூடாது. சோற்றில் சிக்கல் இரண்டு விதம். உதிரியாக இருந்தால் பருக்கைகள் தொண்டையில் சிதறும், பசையாக இருந்தால் ஒட்டும். நீர் கூட்டிக் குழைய வேகவைத்து மசித்து, கெட்டியான வழுவழுப்பான பருப்புக் கறியோடு நன்றாகக் கலந்து தரச் சொல்லிக் கேட்கலாம். சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுப்பது இந்த நிலையில் ஆபத்து, ரசம் முன்னே ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும். கறிவேப்பிலை, கடுகு, மிளகாய்த் தோல், தேங்காய்ப்பூ எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் சமைத்துக் கொண்டுபோவதென்றால் முதல் தடவை தெரபிஸ்ட்டிடமோ ஹோம் நர்ஸிடமோ காட்டிவிட்டுக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்த்தி, சின்னக் கரண்டியில், விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

பானத்தைக் கெட்டியாக்கும் திக்கனர் பவுடர் சொல்லியிருந்தால் டப்பாவை அவ கைக்கெட்ட வைக்காதீர்கள். பவுடரைத் தவறுதலாக அப்படியே விழுங்கி ஒருவர் இறந்ததால் 2015-இல் என்எச்எஸ் எச்சரிக்கை விட்டது.

கழிப்பறைக்குப் பிறகு தண்ணீரால் கழுவுவது, பொட்டு, திருநீறு, வெள்ளிக்கிழமை மரக்கறி, பெண் கேரர்தான் வேண்டும் என்பது, இவற்றில் அம்மம்மாவுக்கு உண்மையில் எவை என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். எல்லாத் தமிழரும் இப்படித்தான் என்று ஹோம் முடிவு கட்டிவிட்டால், அடுத்து வரும் கிறிஸ்தவத் தமிழருக்கும் திருநீறு பூசிவிடுவார்கள்.

கேள்வி: "என் புருஷன் எப்ப வருவார்?"னு தினமும் கேட்கிறார். அவர் இறந்து பத்து வருஷம் ஆச்சு. உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா?

இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக அந்த இழப்பைச் சந்திக்கிறார். "ஐந்து மணிக்கு வருவார்" என்று சொன்னால் ஐந்து மணிக்கு வாசலில் நிற்பார். "அவரைத் தேடுதா? அவர் என்ன வேலை பார்த்தார்?" என்று அந்த நினைவுக்குள் போங்கள், படம் இருந்தால் எடுத்துக் கையில் கொடுங்கள். எந்த நேரத்தில் கேட்கிறார் என்றும் குறியுங்கள். சாயங்காலம் மட்டும் என்றால் பசி, அலுப்பு, இருட்டு எதுவோ இருக்கிறது. இறந்துவிட்டாரா என்று நேராகக் கேட்டு, பதில் வேண்டும் என்று நின்றால் மெதுவாக உண்மையைச் சொல்லி, கூடவே உட்கார்ந்திருங்கள். என்ன சொல்வது என்று குடும்பத்தோடு பேசி எழுதிவைத்தால் ஷிப்டுக்கு ஒரு பதில் வராது.

கேள்வி: யோகர்ட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

தெரியாமல் கலப்பது என்றால் நீங்களாகச் செய்யாதீர்கள். திறன் உள்ளவருக்கு ஒருபோதும் கூடாது. திறன் இல்லாதவருக்கும், மருந்தை எழுதியவர், மருந்தாளர், குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும், எந்த மாத்திரையை எப்படி என்பதும் அதில் இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். விழுங்கச் சிரமப்படுகிறவர் தானே கேட்டு யோகர்ட்டோடு சாப்பிட்டால் அது ஒளித்துக் கொடுப்பது ஆகாது. ஆனாலும் மருந்தாளரைக் கேளுங்கள்.

கேள்வி: டொமிசிலியரி கேரில் ஒரு வீட்டுக்குப் போனா 15 நிமிஷம்தான். கழுவி, உடுத்தி, மாத்திரை, பிரேக்ஃபாஸ்ட். இதில் எங்கே பர்சன் சென்டர்ட்?

இவ்வளவும் 15 நிமிடத்தில் முடியாது. மருத்துவ, பராமரிப்பு வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2015 வழிகாட்டுதல், அரை மணிக்குக் குறைந்த வருகை என்றால் கேரர் அவருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பெரிய பராமரிப்புத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட சிறு வேலைக்கோ அவர் நலமா என்று பார்க்கவோ மட்டும் இருக்க வேண்டும் என்கிறது. பிராட்ஃபோர்டில் டிமென்ஷியா பராமரிப்பை ஆராய்ந்த டாம் கிட்வுட், மனிதரைச் சிறுமைப்படுத்தும் நடத்தைகளில் ஒன்றாக அவர் வேகத்துக்கு மேல் அவசரப்படுத்துவதைச் சேர்த்தார். கேரர் கெட்ட எண்ணம் இல்லாமலே அதைச் செய்ய நேர்வது இந்த ரோட்டாவால் (வேலை நேரப் பட்டியல்) தான்.

உள்ளே போனதும் "இன்னைக்கு உங்களுக்கு முதல்ல எது முக்கியம்?" என்று கேளுங்கள். மாத்திரையும் சாப்பாடும் தவறக் கூடாது. முழுக் குளியல் ஒரு நாள் முகம், கைகால், கீழ்ப்பகுதியோடு நிற்கலாம், அவர் சம்மதித்தால். நீங்கள் வந்த நேரம், கிளம்பிய நேரம், விடுபட்ட வேலை மூன்றையும் உள்ளபடி பதியுங்கள். 35 நிமிடம் இருந்துவிட்டு 15 என்று பதிந்தால், 15 போதும் என்பதற்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். இரண்டு வாரப் பதிவோடு கோஆர்டினேட்டரிடம் மறுமதிப்பீடு கேளுங்கள், கவுன்சில் அந்தக் கணக்கைத்தான் பார்க்கும்.

கேள்வி: கேர் பிளான் எழுதச் சொன்னாங்க. "காலையில் டீ பிடிக்கும், குளியலுக்கு உதவி தேவை"ன்னு எழுதினேன். திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன தப்பு?

முதல் நாள் வரும் ஏஜென்ஸி கேரர் அதை மட்டும் படித்துவிட்டு வேலை செய்ய முடியுமா என்று பாருங்கள். இப்படி எழுதலாம்: "எழுந்ததும் ஏழு மணிக்குள் டீ, பால் முதலில், சர்க்கரை ஒன்று, நீலக் கோப்பையில், கைப்பிடி வலப்பக்கம். இடது கையால் பிடிக்க முடியாது. முகம், மார்பு வரை தானே கழுவுவார், பத்து நிமிடம் ஆகும், நடுவில் அவசரப்படுத்தினால் நிறுத்திவிடுவார். முதுகுக்கும் காலுக்கும் ஒருவர் உதவி." அவரால் முடிவதையும் எழுத வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் எல்லாவற்றையும் கேரரே செய்துவிடுவார், சில மாதத்தில் அந்தக் கைப்பழக்கம் போய்விடும்.

தினக்குறிப்பில் "மறுத்துவிட்டார்" என்று மட்டும் நிறுத்தாமல், என்ன கேட்டீர்கள், அவர் என்ன வார்த்தை சொன்னார், பிறகு எப்போது மறுபடி கேட்டீர்கள் என்று எழுதுங்கள். அவர் மனம் மாறினால் மாதாந்திர ரிவ்யூ வரை விடாமல் அதே ஷிப்டில் பிளானைத் திருத்தச் சொல்லி, ஹேண்ட்ஓவரிலும் சொல்லுங்கள்.