தெரியாமல் பார்சல் கொண்டுபோனாலும் சிங்கப்பூரில் தூக்கா?
செங்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் தம்பியிடம் ஏஜென்ட் கொடுக்கும் பார்சலில் கஞ்சா இருந்துவிட்டால், அவனுக்குத் தெரியாது என்றாலும் தூக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்து நிஜம்தான். 500 கிராமுக்கு மேல் கஞ்சா, 15 கிராமுக்கு மேல் சுத்தமான ஹெராயின் கடத்தினால் அங்கே மரண தண்டனை. அதைவிட மோசம், பை உங்கள் கையில் இருந்தால் உள்ளே இருப்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், புளியரை செக்போஸ்டில் பேசிச் சமாளிக்கிற கதையெல்லாம் அங்கே எடுபடாது. வெறும் தூக்கிப்போன ஆள்தான் என்று நிரூபித்து, விசாரணைக்கு உருப்படியாக உதவினான் என அரசுத் தரப்பும் சான்று தந்தால் ஆயுள் தண்டனையாகக் குறையலாம் (2013 முதல் இந்த வழி உண்டு), கூடவே பிரம்படி. சரி, திருவனந்தபுரத்தில் பிளைட் ஏறுமுன் அல்வா டப்பாவாக இருந்தாலும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் பிரிக்க விடமாட்டேன் என்கிறானா, வாங்கவே வேண்டாம்.