டயக்னாஸ்டிக்கில் ஹார்ட் டிஸ்க் ஃபெயில் என்று வந்தால் டிஸ்க்கை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள், கோளாறு டிஸ்க்கில் இல்லாமல் அதன் கேபிளில்கூட இருக்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: லேப்டாப்பை ஆன் செய்தால் சில நாள் பூட் டிவைஸ் (விண்டோஸ் கிளம்ப வேண்டிய டிஸ்க்) இல்லை என்கிறது, டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டினால் மூன்று தடவை ஃபெயில், நாலாவது தடவை பாஸ், சர்வீஸ் சென்டரில் டிஸ்க் போய்விட்டது மாற்றுங்கள் என்கிறார்கள். அந்த ‘நாலாவது தடவை பாஸ்’ என்ற வரியைப் பார்த்ததும்தான் வேலையைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். 2018 ஆவணியில் இதே கோளாறுக்கு 4,200 ரூபாயும் இரண்டு வார வேலையும் தொலைத்தவன் நான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் செய்வேன். என்னிடம் இருந்தது 2014-இல் வாங்கிய லேப்டாப், 500 ஜிபி டிஸ்க். அதில் பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், அதற்கு வேண்டிய பழைய தமிழ் ஃபான்ட் எல்லாம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வைக்கும் யூனிகோடு வந்து இத்தனை வருடம் ஆகியும் ஏன் அதையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்கள், பத்து வருடத்துப் பத்திரிகை மாதிரிகளை ஒரு ஃபான்ட் குறைவான கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ‘மணமகன்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் கொட்டிக் கிடக்கும்.

ஆடி முடிந்து ஆர்டர் குவிகிற நேரம். ஒரு நாள் காலையில் கருப்புத் திரை, டிஸ்க் இல்லை என்று ஒரு வரி. ஆஃப் செய்து ஆன் செய்தால் வந்துவிட்டது. மறுநாள் வேலை நடுவில் அப்படியே உறைந்தது. டயக்னாஸ்டிக் ஓட்டினேன், சிவப்பில் ஃபெயில். சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கவுன்ட்டரில் இருந்த பையன் அதே டெஸ்டை ஓட்டினான், அதே சிவப்பு. ‘டிஸ்க் போச்சு சார், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பு இல்ல’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டான். மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. பழைய டிஸ்க்கை மட்டும் நான் விடாமல் கேட்டு வாங்கி வந்தேன். அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

புது டிஸ்க், புது விண்டோஸ். ஃபான்ட்களைப் பழைய சிடியில் தேடித்தேடி ஏற்றவே ஒரு நாள் போனது. பதினோராவது நாள் அதே கருப்புத் திரை, அதே வரி. டயக்னாஸ்டிக்கும் சொல்லிவைத்த மாதிரி ஃபெயில். திரும்பப் போனால், ‘புது டிஸ்க்கும் போயிருக்கும் சார், வாரன்டியில மாத்திடலாம், பத்து நாள் ஆகும்’ என்கிறான். கடையில் வாங்கிய பல்பு பதினோரு நாளில் ஃப்யூஸ் ஆனால்கூட ஹோல்டரை ஒரு தடவை பார்ப்போம் இல்லையா?

எங்கள் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிதான் முதலில் சந்தேகப்பட்டான். ‘அண்ணே, அந்தப் பழைய டிஸ்க்கைக் கொண்டு வாங்க’ என்றான். டிஸ்க்கை வெளியிலிருந்து செருக உதவும் யூஎஸ்பி கேஸில் போட்டு அவன் கம்ப்யூட்டரில் செருகினான். செத்துப்போன டிஸ்க் டக்கென்று திறந்தது. என் ஃபைல் எல்லாம் இருந்தது. பேஜ்மேக்கர் ஃபோல்டரைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிக்காதீர்கள்.

அவன் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து காட்டினான். டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு ஒதுக்கிய செக்டார்கள் (டேட்டா எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள்): பூஜ்யம். சி5, படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்கள்: பூஜ்யம். சி7, அதாவது சிஆர்சி எரர்: 736. அந்த மென்பொருள் எதையும் மாற்றாமல் விட்டால் கடைசி நெடுவரிசையில் ஹெக்ஸாடெசிமலில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்தான் காட்டும், ஆகவே 736 என்றால் நம் கணக்கில் 1,846. இந்த எரர் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் வருவது இல்லை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் டேட்டா போகும்போது இரண்டு முனையும் கணக்குப் பார்த்துக்கொள்ளும், கணக்கு உதைத்தால் திரும்ப அனுப்பச் சொல்லும், அந்த உதையலின் எண்ணிக்கைதான் சி7. அது ஏறினால் பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான்.

டயக்னாஸ்டிக் ஏன் டிஸ்க் மேல் பழி போடுகிறது என்றால், அது டிஸ்க்கிடம் ஒரு கேள்வி கேட்கிறது, பதில் வரவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். லேண்ட்லைன் வயர் தெருவில் அறுந்து கிடக்கும்போது, போன் போட்டுப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் ஆளே இல்லை என்று எழுதி வைப்பதைப் போல. அதைப் படிக்கிறவராவது வாசலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

மூடியைக் கழற்றினோம். டிஸ்க் இருப்பது நான் இடது மணிக்கட்டை ஊன்றி டைப் அடிக்கும் இடத்துக்கு நேர் கீழே. அதிலிருந்து போர்டுக்குப் போவது வயர்கூட இல்லை, பழைய கேமரா ஃபிலிம் மாதிரி ஒரு தட்டைப் பட்டை. அது மடங்குகிற மூலையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. லேப்டாப்பை மேஜைமேல் வைத்து ஆன் செய்து, அந்த இடத்தைத் தம்பி கட்டைவிரலால் அழுத்தினான். உறைந்தது. வேலை நடுவில் நின்றபோதெல்லாம் நான்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்!

புதுப் பட்டை 350 ரூபாய், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து அக்கா மகன் வாங்கி வந்தான். மாட்டிவிட்டு, பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டேன். சி7 எண்ணிக்கை ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது, கேபிள் மாற்றினாலும் பழைய எண் அப்படியே நிற்கும், அதனால் 1,846 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி லேப்டாப் அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். தீபாவளிக்குப் பார்த்தேன், 1,846. பொங்கலுக்கும் அதே.

அந்த ஆவணியில் ஒரு பத்திரிகை இரண்டு நாள் தாமதமானது. அதைச் சாக்காக வைத்து அந்த வீட்டார் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். போதாததற்குத் தாய்மாமன் பெயர் விட்டுப்போனதும் என் தப்பாம். அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த தாளிலேயே அந்தப் பெயர் இல்லை, ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதும் கடைவீதியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

இதற்குள் யாராவது வந்து, டிஸ்க் எரரை அலட்சியம் செய்யச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. 05, சி5 இரண்டில் ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டே போனாலோ, கடக் கடக் என்று சத்தம் வந்தாலோ அது டிஸ்க்கேதான், கேபிளைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஃபைல்களை வெளியே காப்பி எடுப்பது. அது முடிகிற வரைக்கும் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக் டிஸ்க் மாதிரி எதையும் ஓட்டாதீர்கள், நிஜமாகவே சாகப்போகிற டிஸ்க்காக இருந்தால் அந்த ஓட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும். லேப்டாப் வாரன்டியில் இருந்தால் நீங்களாக மூடியைத் திறக்கவும் வேண்டாம். சர்வீஸ்காரர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள் என்றும் சொல்லவில்லை, அந்தப் பையனுக்குத் திரையில் வந்ததை நம்பத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். பூட் டிவைஸ் இல்லை என்று வரும் நாட்களில் தேதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருக்கிறதா? அப்படியானால் கேபிளைத் தொடுவதற்கு முன் உள்ளே இருக்கும் சிமோஸ் பேட்டரியைப் பாருங்கள். பல லேப்டாப்பில் அது காசு மாதிரி வட்டமான சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும், அதில் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் மாறினால் நல்ல டிஸ்க்கிலிருந்தும் விண்டோஸ் கிளம்பாது. என் மச்சினன் லேப்டாப்பில் அதுதான் நடந்தது.

மற்றபடி நீங்கள் செய்ய வேண்டியது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் கேஸ் வழியாகப் பார்ப்பது. சில மலிவு கேஸ்களில் ஃபைல் தெரியும், ஸ்மார்ட் எண்கள் வராது, அப்போது நண்பர் யாருடைய டெஸ்க்டாப்பிலாவது நேராக மாட்டிப் பாருங்கள். மூன்று எண்களையும் இங்கேயே கமென்ட்டில் போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேபிள்தான் என்று முடிவானால் லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், பழைய பட்டையில் பொடி எழுத்தில் பார்ட் நம்பர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக் காட்டி வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு விதப் பட்டை வந்திருக்கிறது. அக்கா மகன் முதலில் வாங்கி வந்தது கால் அங்குலம் குட்டை. அதற்குக் கொடுத்த 350 தனி. அது இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.