ராப் பர்ரோ என்ற ரக்பி லீக் வீரரை இங்கிலாந்தில் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதல் காரணம் அவருடைய உயரம். வெறும் 1.65 மீட்டர். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் வந்து மோதும் ஆட்டத்தில், இவ்வளவு சிறிய ஆள் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று ஆரம்பத்திலேயே பலர் சொல்லிவிட்டார்கள். ஆனால் 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் என்ற ஒரே கிளப்புக்காக கிட்டத்தட்ட 500 ஆட்டங்கள் ஆடி, இங்கிலாந்து ரக்பி லீக்கின் முதன்மைத் தொடரான சூப்பர் லீக் பட்டத்தை எட்டு முறை வென்றார்.

2011 சூப்பர் லீக் இறுதிப்போட்டியின் வீடியோ கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். மாற்று வீரராகத்தான் இறங்குகிறார், நடுக்கோட்டருகே பந்தை வாங்கி, பிடிக்க வந்தவரின் கைக்கு அடியில் குனிந்து நழுவி, எதிரணியான செயின்ட் ஹெலன்ஸ் ஆட்கள் திரும்புவதற்குள் ஓடிப்போய் டிரை (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைத்துவிடுகிறார். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஆட்டநாயகன் விருதும் அவருக்குத்தான், 2007க்குப் பிறகு இரண்டாவது முறை.

அப்புறம், ஓய்வு பெற்ற இரண்டே ஆண்டில், 2019 டிசம்பரில், மோட்டார் நியூரான் நோய் வந்திருப்பது தெரிந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து பேச்சும் போய்விடும், குணமாக்கும் மருந்து கிடையாது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை, நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். லீட்ஸ் அணியின் முன்னாள் கேப்டன் கெவின் சின்ஃபீல்ட் அவருக்காக ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடி நிதி திரட்டினார். 2023 லீட்ஸ் மாரத்தானில் சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டே ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டும்போது கையில் தூக்கிக்கொண்டார். 2024 ஜூனில், 41 வயதில் பர்ரோ இறந்தார்.