விஸ்கி பீப்பாயில் ஊறிய கறுப்பு பீர்: கேட்டவையும் என் பதில்களும்

விஸ்கி பீப்பாயில் ஊறிய, 12 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர், 330 மில்லி போத்தல் ஒன்று. அதைச் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு அஞ்சடியில் நாங்கள் நான்கு பேர் ஒன்றரை மணி நேரம் வைத்துக் குடித்தோம். இதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. சிங்கப்பூரில் கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகள் காய்ச்சும் பீர், மட்டுமே விற்கும் கடையில் ஒன்பது வருடம் நின்றவன் நான். அங்கே கற்றதைச் சொல்கிறேன். 21 வயது ஆகாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; நம் மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து சட்டம் அதுதான்.

கோலகங்சாரிலிருந்து: அண்ணே, கோப்பிக் கடையில் கிடைக்கும் ஸ்டவுட்டும் கறுப்பு, இதுவும் கறுப்பு. அப்படி என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒரே குடும்பம்தான் தம்பி. 200 டிகிரிக்கு மேல் கருக வறுத்த பார்லிதான் இரண்டுக்கும் நிறம் கொடுக்கிறது. நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பார்களே, பால் ஊற்றாத கோப்பி ஓவில் வரும் அந்தக் கசப்பும் கருகலும் ஸ்டவுட்டிலும் உண்டு. கடையில் கிடைக்கும் கின்னஸ் 1965 முதல் பெட்டாலிங் ஜெயா பக்கத்தில் சுங்கைவேயில்தான் காய்ச்சப்படுகிறது.

நான் சொல்லும் பீர் அதற்கு மூத்த அண்ணன். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆலைகள் ரஷ்யாவுக்கு அனுப்பிய கெட்டியான ஸ்டவுட்தான் இதன் வேர். அதனால்தான் 'இம்பீரியல் ஸ்டவுட்' என்று பெயர். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, தாராளமாகப் போடுவார்கள், சர்க்கரை ஏறும், அதைத் தின்று ஈஸ்ட் நிறைய ஆல்கஹாலை உண்டாக்கும். 10 முதல் 15 விழுக்காடு வரை போகும். இதை அமெரிக்காவின் பூர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறவைக்கும் பழக்கம் பெரிதாகப் பரவியது 1990களில், சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையைத் தொட்டு.

பீடோரிலிருந்து: வெனிலா, தேங்காய் வாசம் வருகிறது என்கிறீர்கள். எசென்ஸ் ஊற்றுகிறார்களா?

சில ஆலைகள் வெனிலா காயைப் போடுவதுண்டு. போட்டால் பெரும்பாலும் லேபிளில் சொல்லிவிடுவார்கள். ஆனால் எதுவும் போடாமலே அந்த வாசம் வரும், ஏனென்றால் அது மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி பூர்பனைப் புது ஓக் மரக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். அந்தக் கலத்தின் உட்புறம் தீயில் கரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக, ஒருமுறை விஸ்கிக்குப் பயன்பட்ட பீப்பாயைத் திரும்ப பூர்பனுக்கு எடுக்க முடியாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்கள் பீர் ஆலைக்கு வருகின்றன. மரத்தைச் சுடும்போது அதிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் உடைந்து வெனிலின் உண்டாகிறது. வெனிலாக் காயின் வாசமும் இதே பொருள்தான். தேங்காய் வாசம் ஓக்கில் இருக்கும் லாக்டோன்கள் என்னும் வாசப் பொருள்களுடையது. அமெரிக்க ஓக்கில் அது கூடுதல். வெயிலில் பீர் விரிந்து மரத்துக்குள் நுழையும், குளிரில் சுருங்கி வெளியே வரும். இப்படி ஆறு மாதம், ஒரு வருடம் உள்ளே போய்ப் போய் வந்து, மரத்தில் ஊறிக் கிடந்த விஸ்கியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. எனக்கு இந்தப் பீரில் மிகவும் பிடித்ததே இந்தப் போக்குவரத்துதான்.

தைப்பிங்கிலிருந்து: எப்படிக் குடிப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள். அந்தக் குளிரில் வாசம் எழும்பாது, கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும். மேசையில் கால் மணி, இருபது நிமிடம் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும். நம் ஊர் வெக்கையில் அதற்கு மேல் விட்டால் சூடாகிவிடும்.

கிளாஸ் அடி அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். வைன் கிளாஸ் தாராளமாகப் போதும். மூன்று விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் போல கனமாக இறங்கும். நுரை பழுப்பாக, மெல்லிய வளையமாக நின்று சீக்கிரமே அடங்கிவிடும். ஆல்கஹால் கூடினால் நுரை நிற்காது, அது குறையில்லை. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள், ஓரத்தில் மட்டும் செம்பழுப்பு தெரியும்.

அடுத்து மூக்கு. கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் காரம் ஏறி மூக்கு மரத்துப்போகும். கிளாஸை முகவாய்க்குப் பக்கத்தில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி லேசாக முகருங்கள். அன்றைக்கு எங்களுக்கு முதலில் வந்தது குலா மலாக்கா என்னும் பனைவெல்லம். பிறகு காய்ந்த திராட்சை. ஐந்து நிமிடம் கழித்து, இழைப்புளி போட்ட புதுப் பலகையின் வாசம். எங்களில் ஒருவர் ரப்பர் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகையறையில் வேலை பார்த்தவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, 'விறகு அணைஞ்ச மறுநாள் காலையில கதவைத் திறந்தா அடிக்குமே, அந்த வாடை' என்றார். அதுதான் கரித்த பீப்பாயின் வாசம். எந்தப் புத்தகக் குறிப்பைவிடவும் அவர் சொன்னது சரியாக இருந்தது. அதனால் வாசத்துக்கு வெளிநாட்டுப் பெயர்களைத் தேடாதீர்கள். உங்கள் மூக்குக்குத் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியில் வாய். ஒரு தேக்கரண்டி அளவு போதும். நாக்கு முழுக்கப் பரவவிட்டு மெல்ல விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முதலில் இனிப்பு, நடுவில் கோப்பியும் சாக்லேட்டும், கடைசியில் தொண்டையில் ஒரு கதகதப்பு. கதகதப்புதான் இருக்க வேண்டும். எரிந்தால் அந்த பீர் இன்னும் பக்குவப்படவில்லை. அடுத்த மிடறுக்கு ஒரு நிமிடமாவது பொறுங்கள். சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பதில்தான் பாதி ருசி. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

ரவாங்கிலிருந்து: ஐஸ் போடலாமா?

வேண்டாம். ஒரு வருட வேலை ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும்.

தெலுக் இந்தானிலிருந்து: ஒரு போத்தல்தானே, குடித்துவிட்டு மோட்டாரில் வீட்டுக்குப் போனால் என்ன?

கூடாது. கணக்கைப் பாருங்கள். 330 மில்லியில் 12 விழுக்காடு என்றால் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 40 மில்லி. சாதாரண 5 விழுக்காட்டு பீர், 320 மில்லி டின்னில் 16 மில்லி. ஆக இந்தச் சின்னப் போத்தல் இரண்டரை டின்னுக்குச் சமம். இனிப்பாக இருப்பதால் அது தெரியாது. 2020 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை 50 ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்த மூவரையும் என் மகன்தான் காரில் கொண்டுபோய் விட்டான்.

விலை ஏன் இவ்வளவு என்று ரவாங் நண்பர் கூடவே கேட்டிருந்தார். 2016 மார்ச் முதல் பீருக்குக் கலால் வரி ஆல்கஹால் அளவைப் பார்த்துத்தான். அப்போது லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 175 வெள்ளி என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் இந்த ஒரு போத்தலுக்குக் கலால் மட்டுமே ஏழு வெள்ளிக்குப் பக்கம். பீப்பாய், ஒரு வருடக் காத்திருப்பு, கப்பல் செலவு எல்லாம் அதற்கு மேல். நான்கு பேர் பங்கு போட்டு வாங்குங்கள்.

கூலிமிலிருந்து ஒரு சகோதரி: பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் கொடுத்தால் இரத்தம் ஊறும் என்பார் என் மாமியார். உண்மையா?

இல்லைம்மா. ஸ்டவுட்டில் இருக்கும் இரும்புச்சத்து மிகச் சொற்பம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் எந்த மதுவும் வேண்டாம். முருங்கைக் கீரையும் ஈரலும் கொடுங்கள், மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெயரோ ஊரோ போட வேண்டாம் என்று ஒருவர்: என் அப்பா கள்ளுக்கடையில் தொடங்கி, சம்சு என்னும் மலிவுச் சாராயத்தில் முடிந்தார். நம் சனத்துக்குக் குடியைப் பற்றி இப்படி ரசித்துப் பேசுவது சரியா?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என் பெரியப்பாவும் அப்படித்தான் போனார். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது, சம்பளம் போட்ட அன்று பாதிச் சம்பளம் அங்கேயே நின்றுவிடும். காலை நான்கு மணிக்கு எழுந்து ரப்பர் பால் வெட்டிய உடம்பு, வலி மறக்க மடமடவென்று குடித்தது. பெரியப்பா எதையும் ருசித்துக் குடித்து நான் பார்த்ததில்லை.

குடிக்காத யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. உங்கள் வீட்டில் இது வேண்டாம் என்று நீங்கள் வைத்திருந்தால் அதுவே சரி. நிறுத்த முடியாமல் தவிப்பவர்களுக்கு 'கொஞ்சமாகக் குடி' என்று சொல்வதும் உதவாது. அவர்கள் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் பேசுவது ஏற்கெனவே வாரக் கடைசியில் ஒரு வாளி பீரைச் சுற்றி உட்காரும் நம் பையன்களிடம். அந்த வாளிக்குப் பதிலாக ஆளுக்கு 80 மில்லி ஊற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே ஒரு மாலையைக் கழிக்க முடியும் என்று அவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன்.

சுங்கை பட்டாணியிலிருந்து: பல வருடம் வைத்தால் ருசி கூடுமாமே?

குளிர் நாட்டு நிலவறையில் கூடலாம், நம் வீட்டு ஸ்டோர் ரூமில் கூடாது. வெப்பம் ஏற ஏற பீர் வேகமாகப் பழசாகும். நான் ஒரு நல்ல போத்தலை அலமாரிக்கு மேல் இரண்டு வருடம் வைத்துவிட்டு, தீபாவளிக்குத் திறந்தேன். கிச்சாப், அதாவது சோயா சாஸ், வாடை. வெனிலா எங்கே போனதென்றே தெரியவில்லை. ஐஸ்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், ஒரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். புளிப்படித்தால் பீப்பாயில் பாக்டீரியா புகுந்திருக்கும். கடைக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

தாப்பாவிலிருந்து: தொட்டுக்கொள்ள என்ன? டுரியான் சீசன் வேறு வருகிறது.

காரமான வறுவல் வேண்டாம், ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும். அதிரசம் அருமையாகச் சேரும். பால்கோவா, கசப்புச் சாக்லேட், வறுத்த முந்திரியும் நல்லது. டுரியானைத் தள்ளி வையுங்கள். மது உடம்பில் ஆல்டிஹைடாக மாறும். அதைச் சிதைக்கும் நொதியை டுரியான் சாறு 70 விழுக்காடு வரை தடுத்தது என்று ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் 2009இல் கண்டார்கள். அது சோதனைக் குழாயில் நடந்த ஆய்வுதான். இருந்தாலும் பழத்தை ஒரு நாள், பீரை இன்னொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். போத்தலில் கடைசியாகக் கொஞ்சம் மிஞ்சினால் வெனிலா ஐஸ்கிரீம் மேல் இரண்டு கரண்டி ஊற்றிப் பாருங்கள்.