ஊரிலிருந்து முழுநேர எழுத்துக்கு: சில கேள்விகள், பதில்கள்

கே: அண்ணே, முதல் நாவல் வந்து ஒரு வருஷம் ஆகுது. நல்ல பேரு. கூட்டுறவு சங்க வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாமா?

ப: இப்போது வேண்டாம் தம்பி. தமிழில் புனைவுக்கு வழக்கமான ராயல்டி, புத்தக விலையில் 10 சதவீதம். விலை 250 ரூபாய் என்றால் ஒரு பிரதிக்கு உங்கள் கைக்கு வருவது 25 ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 20,000 என்று வைத்தால், வருஷத்துக்கு 9,600 பிரதி விற்க வேண்டும். நல்ல பெயர் வாங்கிய நாவல்கூட ஆயிரம் பிரதி தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பலரும் இப்போது நூறு, இருநூறு என்று பார்த்துப் பார்த்துத்தான் அச்சிடுகிறார்கள்.

முழுநேரம் எழுதுகிறவர்கள் நாவலை மட்டும் நம்பி இருப்பதில்லை. மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் நாவல், சிறுகதைகளோடு பத்திரிகைத் தொடர்களும் சினிமா வசனமும் எழுதினார். பூமணி உங்களைப் போலவே கூட்டுறவுத் துறையில் இருந்துகொண்டுதான் எழுதினார். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தபடி எழுதினார். வேலையில் இருப்பதால் எழுத்து இளைத்துவிடாது. கடன்காரன் வாசலில் நின்றால்தான் இளைக்கும்.

மூன்று விஷயம் கூடினால் யோசிக்கலாம்: ஒன்றரை வருஷ வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருப்பது, குறைந்தது நான்கு புத்தகங்கள் விற்பனையில் இருப்பது, மாதாமாதம் பணம் தரும் ஒரு எழுத்து வேலை (மொழிபெயர்ப்பு, தொடர், அச்சுப்பிழை திருத்தும் மெய்ப்பு எதுவானாலும்). ராயல்டி பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கணக்குத் தீரும் என்பதால் இந்த மூன்றாவது மிக முக்கியம்.

கே: காலையில மாடு, பகல் பூரா காடு. எப்பதான் எழுதறது அக்கா?

ப: வருஷம் முழுக்க ஒரே அளவு எழுத வேண்டும் என்று யார் சொன்னது? மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, தை மாசியில் அறுப்பு. அந்த மாதங்களில் குறிப்பு மட்டும் எடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் வேலை ஓயும். அப்போது நாள் ஒன்றுக்கு 400 சொல் எழுதினாலும் 90 நாளில் 36,000 சொல். 200 பக்க நாவலுக்கு ஏறக்குறைய 50,000 வேண்டும். இரண்டாவது கோடையில் அது முடிந்து, திருத்தவும் நாள் மிஞ்சும்.

குறிப்பில் கதையை எழுதிவைக்காதீர்கள், அது பழசாகிவிடும். ஆட்கள் பேசிய வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். யார், எந்த வேலையின் நடுவில், எதற்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்து.

கே: எங்க ஊர்ப் பேச்சை அப்படியே எழுதினா மத்த ஜில்லாக்காரங்களுக்குப் புரியுமா?

ப: புரியும், வாக்கியம் வேலை செய்தால். ‘பொழி’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ‘வரப்பு’ என்று போட்டால் வாசகர் அங்கேயே தடுக்கி நிற்பார். ‘பொழியைத் தாண்டிக் காலை வச்சா அடுத்தவன் காடு’ என்று எழுதினால் சென்னைக்காரருக்கும் விளங்கும்.

உண்மையான ஆபத்து மெய்ப்புப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. ‘வந்திச்சு’ என்று நீங்கள் வேண்டுமென்றே எழுதியதை மெய்ப்புப் பார்ப்பவர் ‘வந்துச்சு’ என்றோ ‘வந்தது’ என்றோ திருத்திவிடுவார். பாதி இடத்தில் திருத்தி, பாதியில் விட்டால் இன்னும் மோசம். பிரதியோடு ஒரு தாள் அனுப்புங்கள்: மாற்றக்கூடாத வட்டாரச் சொற்கள், அவற்றுக்கு நீங்கள் வைத்திருக்கும் எழுத்து. நீங்களும் அந்தத் தாளை மீறாதீர்கள். கி. ராஜநாராயணன் கரிசலுக்கும், பெருமாள்முருகன் கொங்குக்கும் சொல்லகராதியே தொகுத்தார்கள். உங்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டாவது வேண்டும்.

கே: போன்லயே டைப் பண்றேன். பதிப்பகத்துல எழுத்து உடையுதுன்னு சொல்றாங்க.

ப: போனில் நீங்கள் யூனிகோடில் (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) அடித்ததைப் பக்க வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது வரும் கோளாறு. ‘ஔ’வுக்கு ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிப்பது, ‘கௌ’வை ‘கெ’, ‘ள’ என்று பிரித்து அடிப்பது இரண்டையும் நிறுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் அகப்படாது. அச்சுக்குப் போகும் முன் வடிவமைத்த பிடிஎஃப்பை வாங்கி ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் இடங்களையும் மேற்கோள் குறிகளையும் நீங்களே பாருங்கள். அதிகம் உடைவது அங்கேதான்.

கே: பணம் கட்டினா புத்தகம் போடறேங்கிறாங்க?

ப: அது அச்சகச் செலவு. தெரிந்தே செய்தால் தப்பில்லை, ஆனால் உரிமை எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கே: ஐயா, பதிப்பாளர் கொடுத்த காகிதத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்று ஒரே வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

ப: போடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்பது அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய. அந்த ‘ஒழிய’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டியது தமிழ் அச்சு உரிமை, மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா நான்கையும் பெயர் சொல்லி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். முழுநேர எழுத்தாளருக்குப் பெரிய தொகை வந்தால் இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் வரும். எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது என்ற கணக்கை வருஷம் ஒருமுறை எழுத்தில் தர வேண்டும் என்ற வரியையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: எங்க தெருக்காரங்க கதையை எழுதினா பிரச்சினை வருமா?

ப: வரலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தொழில், வீடு இருக்கும் இடம், உடம்பு அடையாளம், பிள்ளைகளின் எண்ணிக்கை இவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். இரண்டு மூன்று ஆட்களைக் கலந்து ஒரு பாத்திரம் செய்தால் இன்னும் நல்லது. ஊர்ப்பெயர், கோயில், திருவிழா மூன்றும் நிஜமாக இருந்தால் ஆட்களை எளிதாக அடையாளம் கண்டுவிடுவார்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்து எழுந்த வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தின் பக்கம் நின்றது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அவர் பட்டதும் கொஞ்சமல்ல. பயந்து எழுதாமல் விடச் சொல்லவில்லை. எழுதுங்கள், பிரதியை ஊர் தெரிந்த ஒருவரிடம் அச்சுக்கு முன் படிக்கக் கொடுங்கள்.

கே: நூலக ஆர்டர் வந்தா சமாளிச்சிரலாம்ல?

ப: அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை வரும் காலமும் பணம் வரும் காலமும் வேறு வேறு. கையில் வரும்வரை அதை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.