மணல் தொட்டிக்கு ஒரு கிராப் வாளி: எடை எங்கே போகிறது?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டமொன்றின் சிறு மின் நிலையத்துக்கு மணல் அள்ளும் கிராப் வாளி ஒன்று செய்து கொடுத்தேன். இரண்டு தாடை, ஒற்றைக் கயிறு. தாடையின் அகலம் 90 செ.மீ., வாளியின் எடை 160 கிலோ. உள்ளே கயிறு இரண்டு ஓட்டம். ஓடைத் தண்ணீரோடு வரும் மணல் படியும் தொட்டிக்கு மேலே ஐ-பீமில், ஒரு தொன் தூக்கும் கம்பிக்கயிறு ஹொயிஸ்ட் ஓடுகிறது. பட்டறை வாசலில் காய்ந்த மணலை நன்றாக அள்ளிய வாளி, தொட்டியில் இறக்கினால் மேலாகச் சுரண்டிவிட்டுக் கால்வாசிகூட நிரம்பாமல் வருகிறது. வேகமாக இழுத்தும் பார்த்தோம், பலனில்லை. ஹைட்ரோலிக்குக்கு மாறவேண்டுமா? விளிம்புக்கு லொறி ஸ்பிரிங் பட்டையை வெல்ட் பண்ணலாமா?

பதில்: ஹைட்ரோலிக் தேவையில்லை. உங்கள் வாளியின் கோளாறு அதன் எடையிலும் கயிறு ஓடும் விதத்திலும் இருக்கிறது. இரண்டையும் பட்டறையிலேயே சரிப்படுத்தலாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்தால் அடுத்த வாளியை நீங்களே கணக்குப் போட்டுச் செய்வீர்கள்.

கயிற்றால் மூடும் கிராப் வாளியில் மேலே ஒரு தலை, கீழே ஒரு கட்டை, இரண்டிலும் கப்பிகள். தாடைகள் கீழ்க்கட்டையில் பின் போட்டுத் தொங்குகின்றன. அவற்றின் வெளி மூலைகளை நான்கு கைகள் தலையோடு இணைக்கின்றன. கயிற்றை இழுத்தால் கீழ்க்கட்டை தலையை நோக்கி ஏறும், தாடைகள் உள்நோக்கித் திரும்பி மூடும். தலைக்கும் கட்டைக்கும் இடையே எத்தனை கயிறு தெரிகிறதோ அத்தனை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். கட்டையை மேலே இழுக்கும் பலம், கயிற்றின் இழுவையை ஓட்ட எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது.

சரி, இதில் ஒரு சங்கடம் உண்டு. மூடுவதற்காக இழுக்கும் அதே கயிறு முழு வாளியையும் மேலே தூக்கப் பார்க்கிறது. கயிற்றில் 100 கிலோ இழுவை இருந்தால், வாளியின் எடையில் 100 கிலோ மணலின் மீது இருந்து கழன்றுவிடுகிறது. மிச்சம் இருக்கிற எடைதான் விளிம்பை மணலுக்குள் இறக்குகிறது. தோட்டத்தில் முள்ளுக் குத்துகிறவரை, அதாவது பல் போட்ட கருவியால் மண்ணைக் கிளறுகிறவரைக் கவனியுங்கள்: காலால் மிதித்து உடம்பின் பாரத்தை முள்ளின் மேல் போட்ட பிறகுதான் பிடியைத் தொடுவார். பாரத்தைப் போடாமல் பிடியை மட்டும் இழுத்தால் முள்ளு மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வந்துவிடும். உங்கள் வாளி செய்வது அதைத்தான்.

எண்ணில் பார்ப்போம். கீழ்க்கட்டையை 200 கிலோ பலத்தோடு இழுக்கவேண்டும் என்று வைப்போம். இரண்டு ஓட்டத்தில் அதற்குக் கயிற்றில் 100 கிலோ இழுவை வேண்டும். உங்கள் 160 கிலோவில் மணலின் மேல் மிஞ்சுவது 60 கிலோ. இரண்டு தாடைகளின் விளிம்பும் சேர்ந்து 180 செ.மீ. நீளம். ஒரு செ.மீ. விளிம்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றிலொரு கிலோ. படிந்து இறுகிய மணலில் இது இறங்காது.

இதையே 350 கிலோ எடை, 60 செ.மீ. அகலம், நான்கு ஓட்டம் என்று மாற்றுங்கள். அதே 200 கிலோவுக்குக் கயிற்றில் 50 கிலோ போதும். மிஞ்சுவது 300 கிலோ. விளிம்பின் மொத்த நீளம் 120 செ.மீ., ஆகவே செ.மீற்றருக்கு இரண்டரைக் கிலோ. ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம், அதுவும் அதே ஹொயிஸ்டில். கப்பி உராய்வை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தாலும் முடிவு மாறாது.

வாளி லேசாக இருந்தால் மணலைக் கூடுதலாகத் தூக்கலாம் என்று நினைத்துத்தான் மெல்லிய தகட்டில் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கு மண்வெட்டியால் நிரப்பும் வாளிக்குச் சரி. தானே தோண்டி நிரம்பவேண்டிய வாளிக்கு எடைதான் ஆயுதம். நிலக்கரி போன்ற லேசான சரக்குக்குச் செய்யும் கிராப் அள்ளும் பாரத்தைவிடக் குறைவான எடையோடு இருக்கும். இரும்புத் தாது அள்ளும் கிராப்போ அள்ளும் பாரத்துக்குக் கிட்டத்தட்ட சமமான எடையோடு வரும். படிந்த ஈர மணலும் பரலும் இந்த இரண்டாவது பக்கத்துக்குத்தான் நெருக்கம்.

உங்கள் ஹொயிஸ்டுக்கு அளவு இப்படி வரும். அள்ளும் வேலை ஹொயிஸ்டைப் போட்டு உலுக்கும் வேலை. அதனால் ஒரு தொன்னில் கால்வாசியை ஒதுக்கிவிட்டு 750 கிலோவுக்குள் நில்லுங்கள். ஈர மணல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1.9 தொன். 0.2 கன மீற்றர் கொள்ளளவு என்றால் 380 கிலோ மணல், 350 கிலோ வாளி, மொத்தம் 730 கிலோ. 60 செ.மீ. அகலத்தில் தாடை 1.2 மீற்றர் விரிந்தால், இந்த அளவை அள்ளச் சராசரியாக 28 செ.மீ. ஆழம் இறங்கவேண்டும். திறந்து நிற்கும்போது விளிம்பு நேரே கீழ்நோக்கியோ, கொஞ்சம் உள்நோக்கியோ பார்க்கவேண்டும். வெளியே சாய்ந்து பார்த்தால் எவ்வளவு எடை போட்டாலும் வழுக்கும். ஒரு மட்டப் பலகையை விளிம்பில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூட்டும் எடையைக் கீழ்க்கட்டையிலும் தாடைகளின் அடியிலும் சேருங்கள். தலையில் சேர்த்தாலும் தராசில் எடை ஒன்றுதான். ஆனால் மணல் சரிவில் இறங்கும்போது தலை கனத்த வாளி பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும்.

காய்ந்த மணலில் வேலை செய்த வாளி தொட்டியில் ஏன் தோற்றது? காய்ந்த மணல் தானாகச் சரிந்து தாடைக்குள் வந்துவிடும். நீருக்கடியில் படிந்த மணலில் துகள்கள் நெருங்கி அடுக்கியிருக்கும். அதை வெட்டும்போது துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறவேண்டும், இடைவெளி விரியும், அந்த இடைவெளியை நிரப்பத் தண்ணீர் உள்ளே வரவேண்டும். வேகமாக இழுத்தால் தண்ணீர் வந்து சேர நேரமிருக்காது. உள்ளே உறிஞ்சல் உண்டாகி, மணல் கல்லைப் போல இறுகிப் பிடிக்கும். நீங்கள் வேகமாக இழுத்தபோது பலன் கிடைக்காததற்கு இது பெரிய காரணம். மெதுவாக மூடுங்கள். ஓட்டம் இரண்டிலிருந்து நான்காகும்போது மூடும் வேகம் தானாகவே பாதியாகும். அதுவும் நன்மையே.

ஓட்டத்தை இன்னும் கூட்டி ஆறு, எட்டு என்று போகலாமே என்று தோன்றும். அங்கேதான் உங்கள் பீமின் உயரம் குறுக்கே நிற்கும். கீழ்க்கட்டை தலையை நோக்கி அரை மீற்றர் ஏறினால் வாளி மூடும் என்று வைப்போம். நான்கு ஓட்டத்தில் 2 மீற்றர் கயிறு வாளிக்குள்ளிருந்து வெளியே வரும், ஆறு ஓட்டத்தில் 3 மீற்றர். மூடிய வாளி ஹொயிஸ்ட் கொக்கிக்குக் கீழே அவ்வளவு தூரம் கூடுதலாகத் தொங்கும். தொட்டிச் சுவரைத் தாண்டி வாளியைக் கொண்டுபோக உயரம் மிஞ்சுமா என்று நாடாவைப் பிடித்து அளந்த பிறகே தகட்டை வெட்டுங்கள். ஒவ்வொரு கப்பியும் உராய்வில் கொஞ்சம் தின்னும் என்பதால் ஓட்டம் கூடக் கூட லாபமும் சுருங்கும். உங்கள் வேலைக்கு நான்கு போதும்.

கயிறு 10 மி.மீ. போடுங்கள். கப்பியின் விட்டம் கயிற்றின் 20 மடங்குக்குக் குறையவேண்டாம், அதாவது 200 மி.மீ. சிறிய கப்பி வாளியைக் கச்சிதமாகக் காட்டும், ஆனால் கயிற்றை மடக்கி மடக்கிச் சீக்கிரம் கொன்றுவிடும். மூடிய வாளியின் முழுப் பாரமும் அந்த ஒரே கயிற்றில்தான் தொங்குகிறது. கப்பிக்குள் ஓடும் பகுதியில் அறுந்த கம்பிகள் தெரிகின்றனவா என்று கையுறை போட்டுக்கொண்டு அடிக்கடி தடவிப் பாருங்கள்.

அடுத்தது விளிம்பு. நம் மலைநாட்டுப் பாறையில் குவார்ட்சும் கார்னட்டும் நிறைய. இரண்டும் உடைந்து ஆற்றோடு வருகின்றன, இரண்டுமே சாதாரண இரும்பைவிடக் கடினமானவை. உமா ஓயா ஆறு கொண்டுவரும் மண் ரந்தம்பே நீர்த்தேக்கத்தை நிரப்பி வருவதை எல்லோரும் அறிவார்கள். உங்கள் தொட்டியில் படிவதும் அப்படிச் சரிவுகளிலிருந்து கழுவப்பட்டு வந்ததுதான். சாதாரணத் தகட்டு விளிம்பு இதில் வெகு சீக்கிரம் மழுங்கும்.

ஸ்பிரிங் பட்டை நல்ல யோசனை. ஆனால் நேரே வெல்ட் பண்ணவேண்டாம். அது கார்பன் கூடிய இரும்பு. வெல்டிங் சூடு சட்டென்று ஆறும்போது ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். வெல்ட் அழகாகவே இருக்கும், வெல்டுக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு ஓடும், முதல் பெரிய கல்லில் பட்டை கழன்று தொட்டிக்குள் விழும். தாடையில் 16 மி.மீ. தகட்டை வெல்ட் பண்ணி, அதில் துளையிட்டு ஸ்பிரிங் பட்டையைப் பொல்ட் போட்டுப் பூட்டுங்கள். தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். வெல்ட் பண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, 7018 என்ற வெல்டிங் ரொட் கொண்டு ஒட்டி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். அந்த ரொட் ஈரம் குடித்திருந்தால் வெடிப்பை அதுவே வரவழைக்கும். ஹட்டன் பனியில் திறந்து வைத்த பெட்டி ஈரம் குடிக்காமல் இருக்காது, ஆகவே அடுப்பில் நன்றாகக் காயவைத்து எடுங்கள்.

மாங்கனீஸ் இரும்பு வாங்கச் சொல்லி யாராவது யோசனை சொல்லலாம். ஆங்கிலேய உலோகவியலாளர் ரொபர்ட் ஹட்ஃபீல்ட் 1882இல் கண்டுபிடித்த அந்த இரும்பு, அடி வாங்க வாங்க இறுகும். கல் உடைக்கும் இயந்திரத்துக்கு அதைவிட நல்லது கிடைப்பது கடினம். மணல் வழுக்கிக்கொண்டு போகும் விளிம்பில் அதற்கு அடி விழாது, அதனால் இறுகாது. கொடுத்த காசுக்குப் பலன் இராது.

பரல் அதிகமென்றால் ஒரு தாடையில் மூன்று பல், மறு தாடையில் இரண்டு, ஒன்றின் இடைவெளியில் மற்றது நுழையும்படி வையுங்கள். பற்களை விளிம்புக்கு வெளியே பொருத்தினால் விளிம்புகள் முழுதாக மூடும். தண்ணீர் வடியத் துளை போடுவதானால் தாடைகளின் மேல் பாதியில் மட்டும் போடுங்கள். அடியில் போட்டால் மணலும் சேர்ந்து ஒழுகும்.

ஹைட்ரோலிக் விஷயம்: சிலிண்டர் தாடைகளுக்குள்ளேயே தள்ளுவதால் அது வாளியைத் தூக்காது, அந்த நன்மை உண்மை. ஆனால் பம்ப், ஹோஸ், மின்கம்பி எல்லாம் தண்ணீருக்குள் போகவேண்டும். ஹோஸ் வெடித்தால் எண்ணெய் ஓடையில் கலக்கும். அந்த ஓடையின் கீழே லயங்களுக்குப் பீலித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால் நான் அதைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். கையில் பணம் இருந்தால் ஹொயிஸ்டைத் தாங்கிப் பீமில் ஓடும் அதே தள்ளுவண்டியில் இரண்டாவது ஹொயிஸ்ட் ஒன்றைப் பூட்டி, ஒரு கயிறு தலையைப் பிடிக்க, மற்றது தாடையை மூட என்று இரட்டைக் கயிறாக்குங்கள். எந்த உயரத்திலும் திறக்கலாம், மூடலாம். இரண்டாவது ஹொயிஸ்ட் சிறியதாக இருந்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். திறக்கும் நொடியில் முழுப் பாரமும் அதன் மேல்தான் வரும். கூடவே பீமும் இரண்டு ஹொயிஸ்டுகளின் எடையைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும்.

ஒற்றைக் கயிற்றிலேயே தொடர்வதென்றால், கொட்டும் இடம் எப்போதும் ஒன்றாக இருப்பதால், அங்கே பீமிலிருந்து ஒரு வளையத்தைத் தொங்கவிடுங்கள். வாளி ஏறும்போது தலை வளையத்துக்குள் போய்க் கொளுவிக்கொள்ளும். அப்புறம் கயிற்றை இறக்கினால் தலை அங்கேயே நிற்க, கீழ்க்கட்டை தன் எடையால் இறங்கித் தாடை திறக்கும். இதற்கும் கீழ்க்கட்டை கனமாக இருக்கவேண்டும். லேசான கட்டை கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்காமல் பாதியில் நின்றுவிடும்.

கடைசியாக, புதுத் தகடு வாங்கும் முன் இப்போதுள்ள வாளியிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பழைய இரும்புத் துண்டுகளைக் கீழ்க்கட்டையின் இரு பக்கமும் சமமாகப் பொல்ட் போட்டு 100 கிலோ கூட்டி, தொட்டியில் இறக்கி, மெதுவாக மூடிப் பாருங்கள். முன்பைவிட ஆழமாக இறங்கினால், எடையைப் பற்றிச் சொன்னது உங்கள் தொட்டிக்குச் சரி என்று தெரிந்துவிடும். அப்போது இரண்டு விஷயத்தில் கவனம்: வாளி மணலைத் தொட்டதும் இறக்குவதை நிறுத்துங்கள். அதற்கு மேலும் இறக்கினால் கயிறு தளர்ந்து ஹொயிஸ்ட் உருளையின் பள்ளத்தை விட்டுத் தாவும், அடுத்த இழுப்பில் நசுங்கும். மண்வெட்டியோடு தொட்டிக்குள் நிற்கிறவர்களை முதலில் மேலே ஏற்றிவிட்டுத்தான் ஹொயிஸ்ட் பொத்தானைத் தொடவேண்டும்.