மைல்கல், கைகாட்டி, பழைய சாலைப் பலகை: கேட்டவையும் சொன்னவையும்

சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலத்தில் வருடா வருடம் நின்று கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். இப்போது அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் என்ன எழுத்து இருக்கிறது என்று டார்ச்சும் கையுமாக அலைகிறேன். என்னைப் போல அலையும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் ஒரு கல்லின் தலையில் மங்கலாக 66 என்று தெரிகிறது. தேடிப் பார்த்தால் 66 கோவா, கேரளா பக்கம் ஓடும் நெடுஞ்சாலை என்கிறார்கள். கல் அங்கிருந்து வந்ததா?
(செஞ்சி நண்பர்)

பதில்: கல் நட்ட இடத்தில்தான் நிற்கிறது தம்பி, எண்தான் ஊர் மாறிவிட்டது. 2010இல் நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு எண்ணை மாற்றினார்கள். அதுவரை புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலைக்கு எண் 66. இப்போது திண்டிவனம் முதல் கிருஷ்ணகிரி வரை 77. காலியான 66ஐ மேற்குக் கடற்கரையில் பன்வேல்–கன்னியாகுமரி சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

புது முறை எளிதுதான். வடக்கு–தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு–மேற்குச் சாலைக்கு ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே கூடும். மூன்று இலக்கம் என்றால் கிளைச் சாலை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு ருசி பழைய எண்ணில்தான். வாரணாசி–கன்னியாகுமரி 7, சென்னை–தேனி 45, சேலத்திலிருந்து கேரளா வழியாகக் கன்னியாகுமரி 47, கொச்சி–தனுஷ்கோடி 49. இந்த எண்களோடு ஒரு கல்லோ பலகையோ கண்ணில் பட்டால் உடனே படம் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பெயின்ட் அடிக்க வரும்போது போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் சாய்ந்து கிடக்கும் ஒரு கல்லில் "ய அ" என்று இரண்டே எழுத்துதான் வெட்டியிருக்கிறது. ஊர்ப் பெயரின் சுருக்கமா? யாராவது கொடையாளியின் பெயரா?
(சிவகங்கை வாசகர்)

பதில்: இந்த வருடம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். படத்தையும் பார்த்தேன். அது எழுத்தே இல்லை, எண். ௰ என்றால் பத்து, ௮ என்றால் எட்டு. ஏதோ ஒரு ஊருக்குப் பதினெட்டு மைல்.

தமிழ் எண்களைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு எல்லாம் எழுத்தாகத்தான் தெரியும். ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௪ ச மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி, ௰ ய மாதிரி, ௱ ள மாதிரி இருக்கும். பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. இருபத்தொன்று என்றால் ௨௰௧, அதாவது இரண்டு பத்து ஒன்று. கல்லில் அது "உயக" என்று தெரியும். பிற்காலத்தில் இடமதிப்பு முறையில் ௧௮ என்றே எழுதியதும் உண்டு. அதனால் "கஅ" என்று ஒரு கல் கிடைத்தால் அதுவும் பதினெட்டுதான்.

கல்லின் மற்ற பக்கங்களையும் பாருங்கள். மண்ணுக்குள் இருக்கும் பக்கத்தில் இங்கிலீஷ் எண்ணோ ரோமன் எண்ணோ இருக்கலாம். ஆனால் கடப்பாரை போட்டுப் புரட்ட வேண்டாம். பக்கத்து மண்ணைக் கையால் விலக்கினால் போதும்.

கேள்வி: எழுதத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் எப்படித் தூரம் பார்த்தார்கள்?
(கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: நல்ல கேள்விம்மா. விடை உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. காதம் என்பது பழைய தூர அளவு. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக்கல்லில் "அதியமான் பெருவழி" என்று சாலையின் பெயரும், நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று தூரமும் வெட்டியிருக்கிறது. அதோடு விடவில்லை. பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரன் இருட்டில் விரலால் தடவியே 29 என்று எண்ணிவிடலாம். இன்றைக்கு ராத்திரியில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அவர்களுக்குக் குழியே போதுமாக இருந்திருக்கிறது.

கேள்வி: மைல்கல்லா கிலோமீட்டர் கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.
(ஈரோடு)

பதில்: இரண்டு பக்கமும் ஊர்ப் பெயரும் எண்ணும் இருந்தால் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 18 என்றால் மொத்தம் 30. பழைய சாலை வழியாக அந்த இரண்டு ஊருக்கும் இடையே மேப் 48 கிலோமீட்டர் காட்டினால் அது மைல்கல். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். பைபாஸ் வழியாகக் கணக்குப் போடாதீர்கள், பழைய சாலை ஊருக்குள்தான் போகும்.

இன்னொன்று, துணைக் கற்கள். ஒரு மைலுக்கு எட்டு பர்லாங். அதனால் மைல்கல் வரிசையில் நடுவே 1 முதல் 7 வரை குட்டிக் கற்கள் இருக்கும். கிலோமீட்டர் வரிசையில் 200 மீட்டருக்கு ஒரு கல், அதில் 2, 4, 6, 8 மட்டும்தான் வரும். ஆக, 3 அல்லது 5 அல்லது 7 என்று ஒற்றை எண்ணோடு முழங்கால் உயரக் கல் கிடைத்தால் அது பர்லாங் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது 1956இல். அறுபதுகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. அப்போது பல ஊர்களில் பழைய கல்லைத் தூக்கி எறியவில்லை, திருப்பி நட்டு மறுபக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். கருங்கல் சும்மா கிடைக்கிறதா என்ன?

கேள்வி: கல்லின் தலையில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு எல்லாம் எதற்கு?
(பல பேர்)

பதில்: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. பழமை தேடுகிறவர்களுக்கு இதில் பெரிய விஷயம் இல்லை. பெயின்ட் நேற்று அடித்ததாகக்கூட இருக்கலாம்.

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு கம்பத்தின் உச்சியில் வெறும் சிவப்பு முக்கோணம், நடுவே ஓட்டை. கீழே இரண்டு போல்ட் துளை மட்டும். எதற்கான எச்சரிக்கை?
(கோவை, பைக்கர்)

பதில்: கீழே இருந்த பாதி காணாமல் போய்விட்டது. இப்போது நாம் பார்க்கும் பலகையில் முக்கோணத்துக்குள்ளேயே படம் இருக்கும். பழைய வகையில் முக்கோணம் வெறும் சட்டம்தான். "ஜாக்கிரதை" என்று மட்டும் அது சொல்லும். என்ன ஜாக்கிரதை என்பதை அதன் கீழே தனிச் செவ்வகத் தகட்டில் எழுதியோ வரைந்தோ மாட்டுவார்கள். இது பிரிட்டிஷ் பாணி. அவர்கள் 1965 ஜனவரியோடு அந்த வகையைக் கைவிட்டுப் புது வடிவத்துக்குப் போனார்கள். இங்கே அதன் பிறகும் பல காலம் நின்றது. தகடு இரும்புக் கடைக்குப் போயிருக்கும், முக்கோணம் உயரத்தில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவு பக்கத்தில் இருந்தால் என்ன தகடு தொங்கியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பலகையில் வருடம் போடவில்லை. எந்தக் காலத்துப் பலகை என்று சொல்ல ஏதாவது வழி?
(திருவண்ணாமலை வாசகர்)

பதில்: உங்கள் ஊர்ப் பெயரே ஒரு காலக்கருவி சார், தெரியுமா? 1978இல் தமிழ் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. ணா, றா, னா மூன்றும் அதற்கு முன் காலைச் சுழித்து ஒரே எழுத்தாக இருக்கும். ணை, லை, ளை, னை நான்கும் தலைக்கு மேல் துதிக்கை தூக்கி நிற்கும். இப்போது "திருவண்ணாமலை"யை எழுதிப் பாருங்கள். ணாவும் இருக்கிறது, லையும் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு சோதனை. சுழித்த ணா, துதிக்கை லை இரண்டும் இருந்தால் பலகை பழசு. "சென்னை"யில் னை ஒன்றுதான். "மதுரை" எதற்கும் உதவாது, ரை மாறவே இல்லை.

ஒரு எச்சரிக்கை: பலகை எழுதும் ஓவியர்களின் கைப்பழக்கம் அரசாணை வந்த மறுநாளே மாறிவிடாது. எண்பதுகளிலும் துதிக்கை போட்டு எழுதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர், "லைக்குத் தும்பிக்கை இல்லாட்டி மொட்டையா இருக்கு சார்" என்பார். ஆக, புது எழுத்து இருந்தால் 1978க்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். பழைய எழுத்தை வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது.

இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலும் உதவும். டிரிச்சினாபோலி, டின்னவேலி, டாஞ்சூர், மெட்ராஸ் என்று இருந்தால் பலகையும் பழசாக இருக்கலாம். 2020 ஜூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப் பெயர்களுக்குப் புது இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை அறிவித்துச் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்களே, அந்த இடைவெளியில் யாராவது அவசரப்பட்டு ஒரு பலகை எழுதியிருந்தால் அதுதான் நம் காலத்து அபூர்வம். எனக்கு இன்னும் சிக்கவில்லை.

கேள்வி: முக்கோணத்துக்குள் நீராவி இன்ஜின் படம். நீராவி ரயிலே இல்லாதபோது ஏன்?
(பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

பதில்: அது ஆளில்லா லெவல் கிராஸிங் எச்சரிக்கை. கேட் போட்ட கிராஸிங் என்றால் வேலி மாதிரி படம் இருக்கும். புகை விடும் இன்ஜினைக் குழந்தைகூட அடையாளம் கண்டுகொள்ளும். மின்சார இன்ஜினை வரைந்தால் பஸ் என்று நினைப்பார்கள். 2019 ஜனவரியோடு அகலப் பாதையில் ஆளில்லா கிராஸிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அதனால் பலகை இனி குறைந்துகொண்டேதான் போகும். சுரங்கப்பாதை வந்துவிட்ட இடங்களில் பழைய சாலையின் முட்டுச்சந்தில் தேடுங்கள், புதருக்குள் நிற்கும்.

கேள்வி: எங்கட பக்கம் மைல் எண்டு சொல்லுறது குறைவு, "மூண்டாம் கட்டை" எண்டுதான் சொல்லுவம். அதுவும் உந்தக் கல்லோடதானே சேர்த்தி?
(திருகோணமலை)

பதில்: அதேதான் ஐயா. கட்டை என்றால் மைலைக் காட்ட நட்ட கட்டை. கட்டை போனாலும் இடப்பெயராக நின்றுவிட்டது. இங்கே தூத்துக்குடியில் மூன்றாம் மைல் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. மலாய் மொழியில் "பத்து" என்றால் கல், மைலுக்கும் அதே சொல்தான். எங்கள் ஊர்ப் பக்கம் "கைகாட்டி" என்ற பெயரில் பஸ் நிற்கும். கை நீட்டி வழி காட்டிய மரம் அங்கே இருந்ததை இன்றைக்கு நினைவில் வைத்திருப்பவர் கண்டக்டர் மட்டும்தான். பழைய கல் தேடுகிறவர்கள் முதலில் பஸ் நிறுத்தப் பெயர்களைப் படிக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: மைல்கல் என்று நினைத்து ஒரு கல்லைச் சுத்தம் செய்தேன். "ஜி.டி.எஸ். – பி.எம்." என்று இங்கிலீஷில் இருக்கிறது. தூரமே இல்லை.
(வேலூர்)

பதில்: அது உயரம் குறிக்கும் நில அளவைக் கல். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைக்கு கிரேட் டிரிகானமெட்ரிக்கல் சர்வே என்று பெயர், அதன் சுருக்கம்தான் அந்த ஜி.டி.எஸ். பி.எம். என்றால் பெஞ்ச் மார்க், உயரக் குறி. தொட்டுப் பார்க்கலாம், ஆட்டக் கூடாது. அது ஒரு விரற்கடை இறங்கினாலும் அதை நம்பி எடுத்த மட்டம் பிசகும்.

கேள்வி: தேய்ந்த எழுத்தை எப்படிப் படிப்பது? கம்பி பிரஷ் போடலாமா?
(மூன்று பேர்)

பதில்: கம்பி பிரஷ், ஆசிட், உளி மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தேங்காய் நார், தண்ணீர், டார்ச் போதும். பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடித்தால் வெட்டின பள்ளத்தில் நிழல் விழும். ஒரு தடவை சுண்ணாம்பு ஏறிக் குண்டாகிப் போன கல்லில் இப்படி அடித்தபோது, பெயின்டில் இருந்த 32க்கு அடியிலிருந்து ௨௰ எழும்பி வந்தது. 20 மைல், 32 கிலோமீட்டர். இரண்டு காலமும் ஒரே கல்லில், கணக்கும் சரியாக இருந்தது!

கேள்வி: கேட்பாரற்றுக் கிடக்கிறது. வீட்டுக்குக் கொண்டு வந்து பத்திரமாக வைத்தால் தப்பா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தப்பு. சாலையோரக் கல்லும் பலகையும் அரசின் சொத்து, எடுத்தால் திருட்டு. நூறு வருடம் தாண்டிய எழுத்து வெட்டிய கல் என்றால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்து வரும். சட்டத்தை விடுங்கள். "மதுரை 9" என்ற கல் மதுரைக்கு ஒன்பதாவது மைலில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். உங்கள் மாடித் தோட்டத்தில் அது வெறும் கருங்கல். ஆபத்தில் இருந்தால் படம், இடக்குறிப்பு எடுத்துத் தாலுகா அலுவலகத்துக்கோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள்.

கேள்வி: நீங்கள் தவறவிட்ட கல் ஏதாவது உண்டா?
(மதுரை)

பதில்: உண்டு. ஒரு புளியமரத்தடியில் நாலு பக்கமும் எழுத்தோடு ஒரு கல். நாளைக்கு வந்து நிதானமாகப் படிக்கலாம் என்று போய்விட்டேன். அந்த நாளை எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், மரமும் இல்லை கல்லும் இல்லை. விசாரித்துக்கொண்டே போனதில் பக்கத்து ஊரில் ஒரு அம்மா வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. மேலே இருந்த பக்கம் வழவழவென்று தேய்ந்துவிட்டது. "அடியில எழுத்து இருக்கு தம்பி, துவைச்சு முடிச்சதும் வேணா புரட்டிப் பாத்துக்கோங்க" என்றார். வாளியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.